டிரெசர் பதில்கள்: நூறு பேரில் எத்தனை பேர்?

போன இதழில் ஒரு வாசகருக்கு, "உங்களுக்கு ஆபத்து கூடுதல் என்றுதான் டாக்டர் சொன்னார், செத்துவிடுவீர்கள் என்று சொல்லவில்லை" என்று ஒரே ஒரு வரி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களும் வாட்ஸ்அப் செய்திகளுமே இந்த மாதப் பக்கத்தை நிரப்பிவிட்டன. புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன், நான் டாக்டர் இல்லை. சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெசராக இருந்து ஓய்வு பெற்றவன். புண்ணுக்கு மருந்து கட்டினேன், ஊசி போட்டேன், வந்தவர்கள் பெயரைப் பெரிய நோட்டில் எழுதினேன். ஆராய்ச்சி என்று சொல்கிறார்களே, அதுவும் அந்த நோட்டின் பெரிய அண்ணன்தான். யார் வந்தார், என்ன இருந்தது, பிறகு என்ன ஆனது. சரி, கேள்விகளுக்குப் போவோம்.

கேள்வி: கிளினிக்கில் ரத்தம் எடுத்த பிறகு டாக்டர் கம்ப்யூட்டரில் எதையோ தட்டிப் பார்த்து, "அங்கிள், பத்து வருஷத்தில் மாரடைப்பு வர 24 சதவீதம் வாய்ப்பு" என்றார். எனக்கு வயது 58, சிகரெட் உண்டு. அப்போ 76 சதவீதம் வராது என்றுதானே அர்த்தம்? பிறகு எதற்கு ஆயுசுக்கும் மாத்திரை?
– லாரி ஓட்டுநர், சுங்கை சிப்புட்

கணக்கு சரிதான் அண்ணே. ஆனால் அந்த 76 பேரில் ஒருவர் நீங்கள் என்று யார் சொன்னது?

இப்படி யோசித்துப் பாருங்கள். உங்களைப் போலவே 58 வயது, உங்களைப் போலவே பிரஷர், கொழுப்பு, சிகரெட் உள்ள நூறு ஆம்பளைகளை நம்ம ஊர் மண்டபத்தில் உட்கார வைக்கிறோம். பத்து வருஷம் கழித்துக் கதவைத் திறந்தால் 24 நாற்காலிக்காரர்களுக்கு மாரடைப்போ பக்கவாதமோ அந்த வகையில் ஏதோ ஒன்று வந்திருக்கும். எந்த நாற்காலி என்று டாக்டருக்கும் தெரியாது, கம்ப்யூட்டருக்கும் தெரியாது. அதனால்தான் நூறு பேருக்கும் மாத்திரை. இருபதைத் தாண்டினாலே கூடுதல் ஆபத்து என்றுதான் வைத்திருக்கிறார்கள்.

இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்பது நல்ல கதை. 1948 என்றால் நம்ம ஊர்க்காரர்களுக்கு வேறு ஞாபகம்தான் வரும். ஜூன் 16-ஆம் தேதி இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று துரைமார்கள் சுடப்பட்டு அவசரகாலம் பிறந்த வருஷம் அது. அதே வருஷம் அமெரிக்காவில் ஃபிராமிங்ஹாம் என்ற சின்ன ஊரில் 5,209 ஆண் பெண்களைச் சேர்த்து, பிரஷர் எடுத்து, ரத்தம் எடுத்து, சிகரெட் உண்டா என்று கேட்டு எழுதி வைத்துக்கொண்டு, இரண்டு வருஷத்துக்கு ஒரு தரம் கூப்பிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். மருந்து எதுவும் சோதிக்கவில்லை, காத்திருந்தார்கள், அவ்வளவுதான். வயதானால் பிரஷர் ஏறுவது சகஜம், அதைத் தொடக்கூடாது என்று பெரிய பெரிய டாக்டர்களே நம்பிய காலம். யாருக்கு முதலில் நெஞ்சு அடைத்தது என்று பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்துக் கூட்டிப் பார்த்தபோதுதான், கூடுதல் பிரஷரும் கொழுப்பும் இருந்தவர்கள் வரிசையில் முன்னால் நின்றது தெரிந்தது. 'ஆபத்துக் காரணி' என்று இன்று ஆளாளுக்குச் சொல்லும் வார்த்தை பரவியதே அங்கிருந்து 1961-இல் வந்த ஒரு கட்டுரையால்தான்.

ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். அந்த ஊரில் இருந்தவர்கள் அநேகமாக எல்லாரும் வெள்ளைக்காரர்கள். நம்ம ஆட்களுக்கு நெஞ்சு இன்னும் சீக்கிரமாகவே மக்கர் செய்கிறது. 52 நாடுகளில் நடந்து 2004-இல் வெளிவந்த இன்டர்ஹார்ட் ஆய்வில், தெற்காசியாக்காரர்களுக்கு முதல் மாரடைப்பு வந்த நடு வயது 53. மற்ற நாடுகளில் 59-ஐ ஒட்டி. ஆக உங்கள் 24-ஐ நான் கொஞ்சம் கூட்டியே வைத்துக்கொள்வேன்.

அடுத்த தடவை போகும்போது ஒன்று கேளுங்கள். "டாக்டர், எல்லாம் அப்படியே இருக்கட்டும், சிகரெட் இல்லை என்று போட்டு மறுபடி தட்டிப் பாருங்கள்." என்ன நம்பர் வருகிறது என்று எனக்கும் எழுதி அனுப்புங்கள்.

கேள்வி: என் தாத்தா கடைசி வரை சுருட்டு பிடித்தார், டின் பால் ஊற்றிய தேத்தண்ணி ஒரு நாளைக்கு ஆறு கிளாஸ். 92 வயது வரை இருந்தார். உங்கள் ஆராய்ச்சி எல்லாம் அவர் முன்னால் நிற்குமா?
– கல்லூரி மாணவர், கோலகங்சார் சாலை

தாத்தாவுக்கு என் கும்பிடு. ஆனால் தம்பி, தாத்தாவோடு ஒரே கப்பலில் வந்தவர்கள், அதே லயத்தில் பக்கத்து வீட்டில் இருந்தவர்கள், அதே சுருட்டைப் பற்ற வைத்தவர்கள் எங்கே? அவர்களின் பேரன்கள் எனக்கு எழுதவில்லை. பேரன் பிறந்து கேள்வி கேட்கும் வயது வருவதற்குள் அவர்கள் போய்விட்டார்கள். மிஞ்சியவர் கதைதான் நம் காதுக்கு வரும்.

டால், ஹில் என்று இங்கிலாந்தில் இரண்டு பேர் 1951-இல் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். டாக்டர்களுக்கே கடிதம் போட்டு, நீ புகைப்பாயா என்று கேட்டார்கள். 34,439 ஆண் டாக்டர்களை 50 வருஷம் பின்தொடர்ந்தார்கள். விடாமல் புகைத்தவர்கள் சராசரியாகப் பத்து வருஷம் முன்னாடியே போனார்கள். அறுபதில் விட்டவர்களுக்கு மூன்று வருஷம் திரும்பக் கிடைத்தது, ஐம்பதில் விட்டவர்களுக்கு ஆறு, நாற்பதில் ஒன்பது, முப்பதில் விட்டவர்களுக்கு அநேகமாகப் பத்தும். அந்தக் கூட்டத்திலும் உங்கள் தாத்தா மாதிரி தொண்ணூறைத் தாண்டிய புகைக்காரர்கள் இருந்தார்கள். இருந்தும் சராசரி அதுதான்.

அப்புறம் இன்னொன்று. விடியுமுன் பெரட்டுக்கு, அதான் ஆள் கணக்கெடுப்புக்கு, போய் நின்று, மேடு பள்ளத்தில் ஐந்நூறு ரப்பர் மரத்தில் பால் வெட்டி, காண்டாக் கம்பில் பால் வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்து வந்தவர் அவர். அந்த டின் பால் எல்லாம் பத்து மணிக்குள் வியர்வையாகப் போயிருக்கும். நீங்கள் மோட்டார் சைக்கிளில் போய்த் தேதாரிக் குடித்துவிட்டு மோட்டார் சைக்கிளில் திரும்பி வருகிறீர்கள்.

கேள்வி: 2019-இல் நாட்டில் இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) 18 சதவீதம் என்றார்கள், 2023-இல் 15 என்கிறார்கள். அப்படியானால் குறைகிறதா? இந்தியர்களுக்கு மட்டும் 31 சதவீதம் என்று படித்தேன். இது நம் ரத்தமா, சோறா? வீடு வீடாக வந்து கேட்பதை வைத்து எப்படி நாடு முழுவதற்கும் சொல்கிறார்கள்?
– பள்ளி ஆசிரியை

டீச்சர், மூன்று கேள்வியை ஒன்றாகக் கட்டி அனுப்பிவிட்டீர்கள். கடைசியிலிருந்து வருகிறேன்.

என் சொந்தக் கதை ஒன்று. தோட்டத்தில் இருந்தபோது ஒரு வருஷம் என் நோட்டைக் கூட்டிப் பார்த்துவிட்டு, "நம்ம தோட்டத்தில் ரத்தக் கொதிப்பு கம்மி" என்று பெருமையாக மேனேஜரிடம் சொன்னேன். அவரும் தலையாட்டினார். பிறகு ஒரு தீபாவளி நேரம், சும்மா இருக்கிற ஆட்களை லயத்திலேயே போய் பிரஷர் பிடித்துப் பார்க்கலாம் என்று மெஷினை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். மூன்றாவது வீட்டிலேயே 180. அடுத்த வரிசையில் இன்னும் இரண்டு பேர். ஆஸ்பத்திரி திறக்கும் நேரத்தில் இவர்கள் எல்லாம் மரத்தடியில் இருப்பார்கள், எப்படி வருவார்கள்? என் நோட்டில் இருந்தது தோட்டம் இல்லை, ஆஸ்பத்திரிக்கு வர முடிந்த ஆட்கள் மட்டும். அதை அன்றைக்குத்தான் புரிந்துகொண்டேன், வெட்கமாகவும் இருந்தது.

தேசிய சுகாதார ஆய்வுக்காரர்கள் வீடு தேடி வருவது இதனால்தான். எந்த வீடு என்று அவர்கள் ஆசைக்குத் தேர்ந்தெடுப்பதில்லை, குலுக்கல் மாதிரி விழுகிறது. பானையில் ஒரு சோறு பதம் என்கிறோமே, அது கிண்டிவிட்ட பானைக்குத்தான் பொருந்தும். மேலாக இருக்கும் சோற்றை மட்டும் எடுத்தால் அடியில் தீய்ந்தது தெரியாது. அதனால் ஆய்வு என்று சொல்லி யாராவது கதவைத் தட்டினால், கடன் வசூலிக்க வந்தவர்கள் என்று நினைத்து உள்ளே ஒளிந்துகொள்ளாதீர்கள். அட்டையைக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

2019-இல் 18.3, அதில் பாதிப் பேருக்குத் தங்களுக்கு இருப்பதே தெரியாது. இந்தியர்களில் 31.4. 2023-இல் மொத்தம் 15.6. குறைந்திருக்கிறது, சந்தோஷம்தான். ஆனால் இரண்டு புள்ளியை வைத்துக் கோடு போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை, மூன்றாவது புள்ளி வரட்டும். அதே 2023 ஆய்வில் என்னை உறுத்தியது வேறு ஒன்று. 18-லிருந்து 29 வயதுக்குள் இனிப்பு நீர் உள்ளவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் அது தெரியாமலே நடமாடுகிறார்கள். உங்கள் பழைய மாணவர்கள், டீச்சர்.

ரத்தமா சோறா என்றால், இரண்டும். நம் ஆட்கள் பார்க்க ஒல்லியாக இருந்தாலும் தொப்பை மட்டும் தனியாக முன்னால் வருமே, அந்த வயிற்றுக் கொழுப்புதான் வில்லன். அதனால்தான் உலகச் சுகாதார நிறுவனம் ஆசியாக்காரர்களுக்கு உடல் எடைக் குறியீடு 23-ஐத் தாண்டினாலே கவனி என்றது. ஆம்பளைகளுக்கு இடுப்பு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80, அதற்கு மேல் போனால் ரத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும். தையல்காரர் டேப் போதும்.

ஆனால் ரத்தத்தில் இருக்கிறது, தலைவிதி என்று விட்டுவிடுவதுதான் எனக்குப் பிடிக்காதது. சென்னையில் டாக்டர் ராமச்சந்திரன் குழு 531 பேரை எடுத்துக்கொண்டது. எல்லாரும் நம் ரத்தம்தான். சர்க்கரை எல்லைக் கோட்டில் நின்றவர்கள், இன்னும் நோய் ஆகாதவர்கள். ஒரு பகுதிக்கு வழக்கமான அறிவுரை மட்டும். ஒரு பகுதிக்கு நடையும் சாப்பாட்டுக் கட்டும். மற்றவர்களுக்கு மாத்திரை, அல்லது இரண்டும் சேர்த்து. மூன்று வருஷம் கழித்துப் பார்த்தால், சும்மா விட்டவர்களில் நூற்றுக்கு 55 பேர் இனிப்பு நீர்க்காரர்கள் ஆகிவிட்டார்கள். நடந்து, சாப்பாட்டைக் கட்டுப்படுத்தியவர்களில் 39. மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களுக்கும் ஏறக்குறைய அதே அளவுதான். 2006-இல் வந்த முடிவு இது. 39 என்பதும் பெரிய நம்பர்தான், மறைக்கவில்லை. ஆனால் நூற்றுக்குப் பதினாறு பேர் தப்பித்திருக்கிறார்கள், அதுவும் பெரும்பாலும் செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்தே.

கேள்வி: எல்லா ஆராய்ச்சியும் அமெரிக்கா, இங்கிலாந்து. நம்ம நாட்டில், நம்ம ஆட்களை வைத்து ஒன்றும் நடக்கவில்லையா?
– ஓய்வு பெற்ற கிராணி, பேராக்

கிராணி ஐயா, இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன். உலகத்திலேயே முதல் வரிசையில் வைத்துப் பேச வேண்டிய சோதனை ஒன்று கோலாலம்பூரில் நடந்தது. அதில் கதாநாயகன் நம்ம புழுங்கலரிசி.

நூறு வருஷத்துக்கு முன்னால் மலாயாவில் பெரிபெரி என்ற நோய் ஆட்களைக் கொத்துக் கொத்தாகக் கொண்டுபோனது. கால் வீங்கும், மரத்துப்போகும், கடைசியில் நெஞ்சு நின்றுவிடும். ஈயச் சுரங்கத்தில் சீனர்கள் விழுந்துகொண்டிருந்தார்கள், ஆனால் பக்கத்துத் தோட்டத்தில் இருந்த தமிழர்களுக்கு அவ்வளவாக வரவில்லை. நெகிரி செம்பிலானில் பிராடன் என்ற டாக்டர் இதைக் கவனித்து, சீனர்கள் தின்பது சியாமிலிருந்து வரும் தீட்டிய வெள்ளைப் பச்சரிசி, தமிழர்கள் தின்பது அவித்துக் காயவைத்துக் குத்திய அரிசி, விஷயம் அதில்தான் இருக்க வேண்டும் என்றார். பல பேர் ஒப்புக்கொள்ளவில்லை. இடத்தில் கிருமி இருக்கிறது, ஈரத்தால் வருகிறது என்று ஆளுக்கொன்று சொன்னார்கள்.

கோலாலம்பூர் மனநோய் ஆஸ்பத்திரியில் ஃபிளெட்சர் என்ற டாக்டர் 1905 கடைசியில் தொடங்கி 1906 முழுக்க ஒன்று செய்தார். நோயாளிகளை வரிசையாக நிற்க வைத்து ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணச் சொன்னார். ஒற்றைப்படை ஒரு பக்கம், இரட்டைப்படை ஒரு பக்கம். ஒரு பக்கத்துக்குச் சியாம் வெள்ளை அரிசி, இன்னொரு பக்கத்துக்கு இந்தியப் புழுங்கலரிசி. மற்ற சாப்பாடு ஒன்றுதான். வெள்ளை அரிசி தின்ற 120 பேரில் 18 பேர் பெரிபெரியால் செத்தார்கள். புழுங்கலரிசி தின்ற 123 பேரில் ஒருவர்கூட அந்த நோயால் சாகவில்லை. இரண்டு பேருக்கு நோய் இருந்தது, அவர்களும் உள்ளே வரும்போதே அதோடு வந்தவர்கள்.

இந்த ஒற்றைப்படை இரட்டைப்படை வேலையில்தான் சூட்சுமம் இருக்கிறது. டாக்டர் தன் கையால் பிரித்தால் தெரியாமலே திடமானவர்களை ஒரு பக்கம் தள்ளிவிடுவார். எண்ணிக்கை பிரித்தால் அந்த ஓரவஞ்சனை இல்லை. இப்போதெல்லாம் கம்ப்யூட்டர் சீட்டுக் குலுக்கிப் பிரிக்கிறது, அன்றைக்கு வரிசை பிரித்தது.

அப்புறம் ஃபிரேசர், ஸ்டான்டன் என்று இரண்டு பேர் நெகிரி செம்பிலான் காட்டில் சாலை போட வந்த 300 ஜாவாக்காரர்களை இரண்டாகப் பிரித்து அதே சோதனையைச் செய்தார்கள். மூன்று மாதம் போல ஆனதும் வெள்ளை அரிசிக்காரர்களுக்கு நோய் எட்டிப் பார்த்தது. அரிசியை மாற்றிக் கொடுத்தார்கள், நோயும் கட்சி மாறியது. இடமும் இல்லை, கிருமியும் இல்லை என்று முடிவானது. அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் சத்து உள்ளே இறங்கி அரிசியோடு ஒட்டிக்கொள்கிறது, அதுதான் தயமின் என்கிற பி1 வைட்டமின் என்று பேர் வைத்ததெல்லாம் ரொம்பப் பின்னால். 1926-இல் ஜாவாவில்தான் அதைத் தனியாகப் பிரித்தெடுத்தார்கள். காரணத்தின் பெயர் தெரிவதற்கு இருபது வருஷம் முன்னாலேயே எந்த அரிசி ஆளைக் காப்பாற்றும் என்று எண்ணியே கண்டுபிடித்துவிட்டார்கள்.

பழுப்பாக இருக்கிறது, நாற்றம் அடிக்கிறது என்று என் பேத்தி புழுங்கலரிசியை ஒதுக்கும்போதெல்லாம் இந்தக் கதையைச் சொல்கிறேன். அவளுக்கு மனப்பாடம் ஆகிவிட்டது, ஆனாலும் தின்பதில்லை.

ஒன்று மட்டும் உறுத்தும். அந்த 120 பேரிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. அடுத்த கடிதம் அதைப் பற்றியதுதான்.

கேள்வி: என் மனைவியிடம் கிளினிக்கில் ஒரு பெண் வந்து ஆராய்ச்சிக்குச் சேரச் சொல்லி ஆறு பக்கப் பாரம் கொடுத்திருக்கிறார். ரத்தம் எடுப்பார்களாம், வருஷா வருஷம் கூப்பிடுவார்களாம். எலி மாதிரி வைத்து மருந்து சோதிப்பார்களோ என்று பயம். கையெழுத்துப் போடலாமா?
– பெயர் வேண்டாம்

முதலில் அது எந்த வகை என்று கேளுங்கள். ரத்தம் எடுத்து, கேள்வி கேட்டு, பிறகு கூப்பிட்டுப் பார்ப்பது மட்டும் என்றால் அது ஃபிராமிங்ஹாம் வகை. உள்ளே எதையும் செலுத்துவதில்லை. நம் நாட்டிலேயே தேசியப் பல்கலைக்கழகம் 35-லிருந்து 70 வயது வரையுள்ள 106,527 பேரைச் சேர்த்து இப்படி ஒன்றை நடத்துகிறது. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் உங்கள் மனைவியுடையதும் அந்த மாதிரிதான் தெரிகிறது.

மருந்து சோதிக்கிற வகை வேறு. அதுவும் கெட்டது இல்லை. 1947-இல் இங்கிலாந்தில் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி எல்லாருக்கும் கொடுக்கிற அளவுக்கு இல்லை. அதனால் மோசமான காசநோய்க்காரர்களைச் சீட்டு மாதிரி பிரித்து 55 பேருக்கு ஊசி போட்டார்கள், 52 பேருக்கு அந்தக் காலத்து வைத்தியமான படுக்கை ஓய்வு மட்டும். ஆறு மாதத்தில் ஊசிக்காரர்களில் நாலு பேர் போனார்கள், ஓய்வுக்காரர்களில் பதினாலு பேர். என் மாமா ஒருவர் பிற்காலத்தில் காசநோயிலிருந்து எழுந்து வந்து கல்யாணம் செய்து நாலு பிள்ளை பெற்றார் என்றால், அந்த ஊசிக்கு அந்த 107 பேரும் ஒரு காரணம்.

ஆனால் பயப்படுவதில் தப்பே இல்லை. அமெரிக்காவில் டஸ்கீகி என்ற இடத்தில் 1932-லிருந்து 1972 வரை நூற்றுக்கணக்கான கறுப்பின ஆண்களுக்கு மேகநோய் இருப்பதைச் சொல்லாமலே, பென்சிலின் வந்த பிறகும் கொடுக்காமலே, என்ன ஆகிறது என்று வேடிக்கை பார்த்தார்கள். உங்கள் மனைவி கையில் இருக்கும் ஆறு பக்கம் அந்த மாதிரி அநியாயங்களுக்குப் பிறகு வந்ததுதான். அதனால் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து உங்கள் பிள்ளையை விட்டுப் படிக்கச் சொல்லுங்கள், அங்கேயே நின்று கையெழுத்துப் போட வேண்டாம். எது புரியவில்லையோ அதைத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். நெறிமுறைக் குழுவின் அனுமதி எண் எங்கே, பாதியில் விலகினால் கிளினிக் வைத்தியத்தில் ஏதாவது மாறுமா, ரத்தத்தை எத்தனை வருஷம் வைத்திருப்பார்கள், முடிவு வந்தால் எனக்குச் சொல்வார்களா. விலகினால் வைத்தியம் போய்விடும் என்று யாராவது சொன்னால் பாரத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இதற்கெல்லாம் நேராகப் பதில் வந்தால், நானாக இருந்தால் போடுவேன். தோட்டத்துப் பெண்களை எண்ணாமலே எழுதிய புத்தகங்கள் ஏற்கெனவே நிறைய இருக்கின்றன.

கேள்வி: காப்பி குடிப்பவர்கள் அதிக நாள் வாழ்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. உண்மையா?
– காப்பிப் பிரியை

குடிப்பவர்களையும் குடிக்காதவர்களையும் ஒப்பிட்டுச் சொன்னது. டாக்டர் வேண்டாம் என்று சொன்னதால் காப்பியை விட்டவர்கள் எந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பார்கள்? குடிக்காதவர்கள் பக்கம். ஏற்கெனவே உடம்பு முடியாதவர்கள் அங்கே சேர்ந்தால் அந்தப் பக்கம் சாவு கூடத்தானே செய்யும். இதையெல்லாம் கழித்துப் பார்க்க முயல்கிறார்கள், முழுசாகக் கழிக்க முடிவதில்லை. சீனி போடாத கோப்பி ஓ குடியுங்கள், ஒன்றும் ஆகாது. மூன்று கரண்டி டின் பாலை எந்த ஆராய்ச்சியும் சிபாரிசு செய்யவில்லை.

கேள்வி: சொந்தக்காரப் பையன் ஒருவன் ஒரு பவுடர் கொண்டுவந்தான். மாரடைப்பை 50 சதவீதம் குறைக்கிறது என்று ஆராய்ச்சியில் நிரூபணம், டப்பா 280 வெள்ளி. பெட்டியில் எம்ஏஎல் நம்பர் இருக்கிறது. வாங்கலாமா?
– இல்லத்தரசி

எதிலிருந்து எதுக்கு 50 சதவீதம் என்று அவனைக் கேளுங்கள். ஆயிரம் பேரில் இரண்டு பேருக்கு வருவது ஒருவருக்கு என்று குறைந்தாலும் 50 சதவீதம்தான், நூற்றுக்கு நாற்பது இருபது ஆனாலும் 50 சதவீதம்தான். மேலே சென்னைக் கணக்கைச் சொன்னபோது 55, 39 என்று இரண்டு நம்பரையும் வைத்தேன், பார்த்தீர்களா? இரண்டு நம்பரும் சொல்லாமல் சதவீதம் மட்டும் சொல்கிறவன் விற்க வந்தவன். எத்தனை பேருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், கொடுக்காமல் வைத்திருந்தவர்கள் எத்தனை பேர், எத்தனை மாதம் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

எம்ஏஎல் நம்பர் என்றால் அரசாங்கத்தில் பதிந்த பொருள் என்று அர்த்தம். நம்பர் இல்லாததைத் தொடவே கூடாது. ஆனால் பாரம்பரிய மருந்தாகப் பதிந்ததென்றால், மாரடைப்பைத் தடுக்கிறது என்று நிரூபித்துவிட்டார்கள் என்று அதற்கு அர்த்தம் இல்லை. பையன் மனசு நோகாமல் அனுப்ப வேண்டுமென்றால், "டிரெசர் மாமா ஆராய்ச்சிக் கட்டுரையைப் பார்க்கணுமாம்" என்று என் தலையில் போட்டுவிடுங்கள்.

கேள்வி: அம்மாவுக்குப் பன்னிரண்டு வருஷமாக இனிப்பு நீர். மூன்று மாதச் சர்க்கரை (HbA1c) 9.6 இருந்தது, கஷ்டப்பட்டு 7.4 ஆக்கினார். பிறகு தோட்டத்துப் பக்கம் பஸ் நின்றுவிட்டது, ஆறு மாதமாகக் கிளினிக்குக்குப் போகவில்லை. "நல்லாத்தானே இருக்கேன்" என்கிறார். நான் ஷா ஆலாமில் வேலை. அவர் பட்ட பாடு எல்லாம் வீணா?
– மகன்

வீண் இல்லை தம்பி. இங்கிலாந்தில் 1977-இல் தொடங்கி, புதிதாக இனிப்பு நீர் வந்த 5,102 பேரைச் சேர்த்து நடத்திய பெரிய சோதனை ஒன்று உண்டு. ஒரு கூட்டத்துக்குச் சர்க்கரையைக் கண்டிப்பாகக் கட்டுப்படுத்தினார்கள், இன்னொரு கூட்டத்துக்கு வழக்கம்போல. கண்டிப்பானவர்களுக்கு மூன்று மாதச் சர்க்கரை 7.0, மற்றவர்களுக்கு 7.9. பார்க்கச் சின்ன வித்தியாசம்தான், ஆனால் கண், சிறுநீரகம் போன்ற சின்ன ரத்தக்குழாய்த் தொல்லைகள் கால்வாசி குறைந்தன. 1998-இல் இது வெளியானது. சோதனை முடிந்து எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகு ஒரே வருஷத்தில் இரண்டு கூட்டத்துக்கும் சர்க்கரை ஒன்றாகிவிட்டது. ஆனாலும் பத்து வருஷம் கழித்துப் பார்த்தால் முதலில் கட்டுப்பாடாக இருந்தவர்களுக்கு மாரடைப்பும் சாவும் குறைவாகவே இருந்தது. உடம்பு பழைய சேமிப்பை ஞாபகம் வைத்திருக்கிறது. அவர்கள் எல்லாரும் ஆரம்பத்திலேயே கட்டியவர்கள், அம்மாவுக்குப் பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டது, அதனால் அதே அளவு லாபம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனாலும் 9.6-லிருந்து 7.4 என்பது அம்மா சேர்த்த காசு.

சேர்த்ததை வைத்துக்கொண்டு எவ்வளவு நாள் போகலாம் என்பதுதான் பிரச்சினை. நம் நாட்டில் புதிதாக டயாலிசிஸுக்குப் போகிறவர்களில் பாதிக்கு மேல் இனிப்பு நீரால் சிறுநீரகம் போனவர்கள். அவர்களும் "நல்லாத்தானே இருக்கேன்" என்று சொல்லியிருப்பார்கள், ஏனென்றால் சிறுநீரகம் கத்தாது, கடைசி வரை கத்தாது. ஆராய்ச்சி எழுதுகிறவர்களுக்கும் பெரிய தலைவலி பாதியில் வராமல் போனவர்கள்தான். மோசமானவர்கள்தான் காணாமல் போனார்களோ, தெரியாது. வந்தவர்களை மட்டும் எண்ணினால் எல்லாரும் சுகமாக இருப்பது போலத் தெரியும். என் பழைய நோட்டு மாதிரி.

பஸ்ஸுக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் வேறு ஒன்று இருக்கிறது. கொலம்பியாவிலும் நம் மலேசியாவிலும் 30 ஊர்களில் 1,371 ரத்தக் கொதிப்புக்காரர்களை வைத்து ஒரு சோதனை நடந்து 2019-இல் முடிவு வந்தது. பாதி ஊர்களில் டாக்டர் இல்லாத சாதாரணச் சுகாதாரப் பணியாளர்கள் கையில் டேப்லட்டோடு போய்ப் பார்த்தார்கள், மருந்தை இலவசமாகக் கொடுத்தார்கள், அதோடு ஒவ்வொரு நோயாளிக்கும் வீட்டு ஆளோ கூட்டாளியோ ஒருவரைத் துணையாகச் சேர்த்தார்கள். மாத்திரை போட்டாயா, கிளினிக்குக்குப் போனாயா என்று கேட்கிற ஆள். ஒரு வருஷத்தில் மற்ற ஊர்க்காரர்களைவிட இவர்களுக்கு மேல் பிரஷர் பதினோரு புள்ளி கூடுதலாக இறங்கியது. மூன்றில் எது எவ்வளவு வேலை செய்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது, சேர்த்துத்தான் கொடுத்தார்கள். ஆனால் அந்த மூன்றாவது உங்கள் கையில் இருக்கிறது.

ஆகவே இந்தச் சனிக்கிழமை வீட்டுக்கு வாருங்கள். கிளினிக்கில் கொடுத்த அம்மாவின் பச்சைப் புத்தகத்தை எடுத்து, கண் படம் கடைசியாக எப்போது எடுத்தார்கள், சிறுநீரில் புரதம் பார்த்தார்களா, பாதத்தை யாராவது தொட்டுப் பார்த்தார்களா என்று பாருங்கள். திங்கட்கிழமை லீவு போட்டு நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள், பதிவுக்கு ஒரு வெள்ளிதான். ஆறு மாதம் வராததற்கு மிஸ்ஸி (நர்ஸ்) சத்தம் போட்டால் கேட்டுக்கொள்ளுங்கள், எதிர்த்துப் பேச வேண்டாம். மருந்துக் கவுன்டரில், மீதி மாதத்து மருந்தைத் தபாலில் அனுப்ப முடியுமா, இல்லை பக்கத்தில் உள்ள வேறு அரசாங்கக் கிளினிக்கில் எடுத்துக்கொள்ள எழுதித் தர முடியுமா என்று கேளுங்கள். இரண்டு வசதியும் அரசாங்கத்தில் உண்டு, கேட்டால்தான் சொல்வார்கள். அப்புறம் லயத்துப் பக்கத்து வீட்டு அக்கா யாராவது இருந்தால் அவர் போன் நம்பரை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். அம்மா செருப்பு இல்லாமல் வாசலுக்குப் போகிறாரா என்று அவரிடம்தான் கேட்க முடியும், அம்மா உங்களிடம் பொய்தான் சொல்வார்.